வக்கீலுக்குப் படிக்கணும் என்று வந்த பெண்ணுக்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தெருவில் தையல் வேலை பார்க்கும் அக்கா தன் மகளை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பெண் பதினொன்றாம் வகுப்பு, அரசுப் பள்ளி, வரலாறு குரூப். "வக்கீலம்மா, இவளுக்கு உங்கள மாதிரி வக்கீலுக்குப் படிக்கணுமாம். இந்த குரூப்ப வச்சுக்கிட்டுப் படிக்க முடியுமா, இல்ல சயின்ஸ் எடுத்திருக்கணுமா?" என்று கேட்டார். மகள் வாயே திறக்கவில்லை. கையில் நாலாக மடித்து வைத்திருந்த ஒரு நோட்டீஸை மட்டும் நீட்டினாள். கிளாட் என்ற சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வுக்கு இரண்டு வருடப் பயிற்சி, அதற்கு ஒரு கட்டணம். அந்த அக்கா வருடம் முழுக்க ராத்திரி பகலாக ஜாக்கெட் தைத்தாலும் அந்தத் தொகை சேராது.

அரை மணி நேரம் பேசி அனுப்பினேன். அவர்கள் போன பிறகுதான், சொன்னதைவிடச் சொல்லாமல் விட்டது அதிகம் என்று தோன்றியது. அந்தப் பெண்ணைப் போல இன்னும் எத்தனையோ பிள்ளைகள் வீட்டில் ஒரு வக்கீல்கூட இல்லாமல் இந்தப் பக்கம் ஆசைப்பட்டுக்கொண்டிருப்பார்கள், எங்கள் வீட்டிலும் எனக்கு முன்னால் யாரும் கறுப்புக் கோட்டு போட்டதில்லை, 2012-ல் பதிவு செய்து தஞ்சை மாவட்டத்தில் ஒரு தாலுகா கோர்ட்டில் இன்றுவரை தொழில் செய்துகொண்டிருக்கிறேன் என்றால் பள்ளியில் படித்த காலத்தில் தற்செயலாக வந்து ஒட்டிக்கொண்ட சில பழக்கங்கள்தான் காரணம். அவற்றைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் அந்த அக்கா கேட்டதற்குப் பதில். எந்த குரூப் படித்தாலும் சட்டம் படிக்கலாம். வரலாறு, வணிகவியல், அறிவியல், எதற்கும் தடை இல்லை. பிளஸ் டூ முடித்து ஐந்தாண்டுப் படிப்பில் சேரலாம், அல்லது ஏதாவது ஒரு பட்டம் வாங்கிவிட்டு மூன்றாண்டு எல்.எல்.பி. படிக்கலாம். தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வே கிடையாது. டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் தரவரிசை போடுகிறது. இது தெரியாமல் "கிளாட் எழுதலைன்னா வக்கீல் ஆக முடியாது" என்று நம்பிக்கொண்டிருக்கும் பெற்றோரை நான் வாராவாரம் பார்க்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடம் என்று 2021-ல் ஒரு சட்டம் வந்ததே, பொறியியல், வேளாண்மையோடு சட்டப் படிப்பும் அதில் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு இது தெரியாது. அவள் அம்மாவுக்கும் தெரியாது.

கிளாட் என்பது தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான தேர்வு. திருச்சியில் இருக்கும் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கும் அதுதான் வாசல். 120 கேள்விகள், 2 மணி நேரம், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிப்பார்கள், எல்லாம் ஆங்கிலத்தில். நல்ல பல்கலைக்கழகங்கள், பெரிய நிறுவன வேலைகளுக்கு அங்கிருந்து வழி சுலபம், ஆனால் கட்டணம் வருடத்துக்கு லட்சக்கணக்கில். எழுதாதே என்று சொல்ல மாட்டேன். வசதியில்லாத பிள்ளைகளை இந்தத் தேர்வுக்குத் தயார் செய்யவே ஐ.டி.ஐ.ஏ. என்ற அமைப்பைச் சட்டப் பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010-ல் தொடங்கினார், அந்த வழியையும் விசாரித்துப் பார்க்கலாம். ஆனால் அந்தக் கேள்வித்தாளை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். கணக்குப் பகுதியில்கூட ஒரு பத்தியைக் கொடுத்து அதிலிருந்துதான் கேட்கிறார்கள். சட்டப் பகுதியில் சட்டம் முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டியதில்லை, விதியை அவர்களே கொடுத்துவிடுகிறார்கள். வேகமாக, தப்பில்லாமல், எழுதியிருப்பதை மட்டும் படிக்கத் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். அவ்வளவுதான் தேர்வு.

எழுதியிருப்பதை மட்டும் படிப்பது. கேட்கச் சாதாரணமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் அது இல்லாமல் போனதற்கு நாங்கள் கொடுத்த விலையைச் சொல்கிறேன்.

1994-ல் என் அப்பா இரண்டு மா நிலம் வாங்கினார். விற்றவர் தெரிந்தவர், நல்லவர், கிரயம் முடிந்ததும் அன்றைக்கே அப்பா போய் வரப்பு வெட்டினார். பத்திரம் பதிவாகி வந்தது, மஞ்சள் பையில் போட்டு டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தார், ஏழு வருடம் அதை யாரும் வெளியே எடுக்கவில்லை. 2001-ல் பட்டா மாற்றத்துக்குப் போனபோது வி.ஏ.ஓ. பத்திரத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "112/8 என்று போட்டிருக்கிறதே, இந்தக் கிராமத்தில் 112-க்கு அஞ்சு உட்பிரிவுதானே இருக்கு?" எங்கள் நிலம் 112/3. எழுதியவர் கையில் 3, 8 ஆகிவிட்டது. அவ்வளவு சின்னத் தப்பு. விற்றவர் உயிரோடு இருந்திருந்தால் பிழைதிருத்தல் பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பார், ஒரு நாள் வேலை. அவர் இரண்டு வருடம் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய வாரிசுகள் பத்திரத்தில் என்ன நம்பரோ அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நிலத்து விலை அதற்குள் ஏறியிருந்தது.

அப்பா 2003-ல் தாவா போட்டார். அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. வக்கீல் குமாஸ்தா வீட்டுக்கு வந்து பத்திரத்தின் நகல் கேட்ட அன்று ராத்திரி, அப்பா என்னைப் படித்துக் காட்டச் சொன்னார். இரண்டே பக்கம். படித்து முடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. 'செக்குபந்தி' என்றால் என்ன என்று அப்பாவிடம் கேட்டேன், நான்கு எல்லை என்றார். கிழக்கே வாய்க்கால், மேற்கே இன்னாருடைய நஞ்சை, வடக்கே வண்டிப்பாதை என்று ஒவ்வொன்றாக நான் படிக்கப் படிக்க அவர் கண்ணை மூடிக்கொண்டு "ஆமா, சரி, ஆமா, சரி" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எல்லை நான்கும் சரியாக இருந்தன. நம்பர் மட்டும் தப்பு. எல்லையும் சர்வே எண்ணும் முரண்பட்டால் எல்லையைத்தான் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள் என்பதும், தவறாக எழுதப்பட்ட பத்திரத்தைத் திருத்தக் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 26-வது பிரிவு இருக்கிறது என்பதும் அன்றைக்கு எங்கள் இருவருக்கும் தெரியாது. கல்லூரியில் அந்தப் பிரிவைப் படித்த அன்று நான் தூங்கவில்லை. கடைசியில் அந்த நான்கு எல்லைகள்தான் எங்களைக் காப்பாற்றின. 2010-ல் தீர்ப்பு வந்தது, எதிர்த் தரப்பு அப்பீல் போட்டு அதுவும் முடிய 2013 ஆகிவிட்டது. மூன்றுக்குப் பதில் எட்டு என்று எழுதியதற்கு விலை பத்து வருடம்.

பத்திரம் வீட்டுக்கு வந்த நாளில் யாராவது ஒருவர் அந்த இரண்டு பக்கத்தையும் கடைசி வரி வரை படித்திருந்தால் எதுவும் நடந்திருக்காது.

அதனால் சட்டம் படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு நான் சொல்லும் முதல் வேலை இது: உன் வீட்டு டிரங்குப் பெட்டியைத் திற. அம்மா அப்பாவிடம் கேட்டுக்கொண்டு திற. கிரயப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வாடகை ஒப்பந்தம், குழுக்கடன் அட்டை, இன்சூரன்ஸ் பாலிசி, அப்பாவின் வேலை உத்தரவு, எது இருக்கிறதோ அதை எடுத்து முதல் எழுத்திலிருந்து கடைசி முத்திரை வரை படி. புரியாத வார்த்தையை ஒரு நோட்டில் எழுது. பத்திரத் தமிழ் தனி மொழி. 'ஷை', 'மேற்படி', 'சர்வ சுதந்திர பாத்தியதை', 'யாதொரு வில்லங்கமும்' என்று வரும். எரிச்சலாக இருக்கும், இருக்கட்டும். மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை, கோர்ட்டுத் தீர்ப்புகள் சாதாரண ஜனங்களுக்குப் புரிய வேண்டும் என்று 1862-லேயே அவற்றைத் தமிழில் கொண்டுவந்தார். அதற்குப் பிறகும் நம் வீட்டுக் காகிதத்தை நாம் படிக்காமல் பெட்டியில் வைக்கிறோம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இரண்டாவது வேலை இதிலிருந்தே வருகிறது. எங்கள் தொழிலில் ஒரு வழக்குக் கட்டு வந்தால் முதலில் செய்வது தேதிப் பட்டியல். இடது பக்கம் தேதி, வலது பக்கம் அன்று நடந்தது, ஒரு வரி. அபிப்பிராயம் கூடாது, கோபம் கூடாது, 'அநியாயமாக' என்ற வார்த்தை கூடாது. கட்சிக்காரர்கள், அதாவது வழக்கோடு எங்களிடம் வருகிறவர்கள், கதையை நடுவிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள், வலித்த இடத்திலிருந்து. "அவன் என்னைக் கைநீட்டி அடிச்சிட்டான்" என்பார்கள். எப்போது, எங்கே, எந்தக் கையால், பக்கத்தில் யார் இருந்தார்கள், ஆஸ்பத்திரிக்கு எத்தனை மணிக்குப் போனீர்கள், அதற்கு முந்தின நாள் என்ன பேச்சு வந்தது என்று கேட்டுக் கேட்டு வரிசைப்படுத்த வேண்டும். வரிசைப்படுத்தும்போதே வழக்கு பலமா பலவீனமா என்று பாதி தெரிந்துவிடும்.

இதைப் பள்ளிப் பிள்ளை செய்யலாம். உன் வீட்டில் நடந்த ஏதாவது ஒரு விஷயத்தை எடுத்துக்கொள். வீடு கட்டியது, தாத்தா காலமானபோது பங்கு பிரித்தது, ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க அலைந்தது. ஐந்து பேரிடம் தனித்தனியாகக் கேட்டுத் தேதிப் பட்டியல் போடு. பெரியப்பா ஒன்று சொல்வார், அத்தை வேறொன்று சொல்வார், இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்றும் உனக்குத் தெரியும். அந்த இடத்தில்தான் சாட்சியம் என்றால் என்னவென்று புரிய ஆரம்பிக்கும். அத்தை பேச்சு வரும்போது ஒன்று சொல்லிவிடுகிறேன், தமிழ்நாட்டில் 1989-லேயே பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்துச் சட்டத்தைத் திருத்தியாயிற்று, அதற்கு முன்னால் கல்யாணமான பெண்களுக்குக் கிடையாது என்று அப்போது ஒரு கோடும் போட்டார்கள். உன் அத்தைகள் கல்யாணத் தேதியைக் கேட்டுப் பார், எத்தனை குடும்பத்துச் சண்டை அந்த ஒரு தேதியைச் சுற்றி நடந்திருக்கிறது என்று தெரியும். அப்புறம் 2005-ல் மத்திய சட்டம் திருந்தி, 2020-ல் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்தி, அந்தக் கோட்டைக் கடந்து வந்துவிட்டோம்.

கோர்ட்டுக்குப் போ. இதைத்தான் அன்றைக்கு அந்தப் பெண்ணிடம் அழுத்திச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கோர்ட் என்றால் சினிமாக் கோர்ட்தான். கூண்டு, சுத்தியல், "அப்ஜெக்‌ஷன் யுவர் ஆனர்". இந்திய நீதிபதி மேஜையில் சுத்தியல் கிடையாது. கோர்ட் என்பது திறந்த இடம், யார் வேண்டுமானாலும் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கலாம் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. போக்சோ வழக்கு (குழந்தைகள் மீதான பாலியல் குற்றம்), பாலியல் வன்கொடுமை வழக்கு, குடும்ப நல வழக்கு மாதிரி சிலவற்றை மட்டும் மூடிய அறையில் நடத்துவார்கள், அங்கே போகக்கூடாது. மற்றபடி ஒரு பெரியவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, போனை அணைத்துவிட்டு, வாசலில் இருக்கும் ஊழியரிடம் "பார்க்க வந்திருக்கிறோம், உட்காரலாமா?" என்று கேட்டால் போதும். மே மாதம் சிவில் கோர்ட்டுகளுக்குக் கோடை விடுமுறை, அதனால் பரீட்சை முடிந்ததும் ஏப்ரலிலேயே போய்விடு.

பத்தரை மணிக்குப் போ. முதல் ஒரு மணி நேரம் கேஸ் கூப்பிடுவார்கள். டவாலி வாசலில் நின்று பெயரைச் சத்தமாகச் சொல்லி மூன்று தடவை கூப்பிடுவதும், வயதான ஒருவர் மாமரத்தடியிலிருந்து செருப்பைக் கழற்றிவிட்டு ஓடிவருவதும், அவருக்கு இரண்டு நிமிடத்தில் வாய்தா போட்டு அனுப்புவதும், அவர் அடுத்த தேதியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தரச் சொல்லிக் கெஞ்சுவதும், இதெல்லாம் நடக்கும். சலிப்பாக இருக்கும். அந்தச் சலிப்பைப் பார்த்த பிறகும் இந்த வேலை வேண்டும் என்று தோன்றுகிறதா என்று உன்னையே கேட்டுக்கொள். பதினொன்றரைக்கு மேல் சாட்சி விசாரணை ஆரம்பிக்கும். அங்கேதான் நீ உட்கார வேண்டும். ஒரு சீனியர் வக்கீல் குறுக்கு விசாரணை செய்யும்போது குரல் உயராது. "அன்றைக்கு அமாவாசைதானே?" "கரெண்டும் போயிருந்தது?" "நீங்கள் நின்ற இடத்திலிருந்து கிணறு எவ்வளவு தூரம்?" என்று மூன்று சின்னக் கேள்வி. சாட்சி மூன்றுக்கும் "ஆமாம்", "ஆமாம்", "ஒரு நூறு அடி இருக்கும்" என்பார். நாலாவது கேள்வியை, "அப்புறம் எப்படிப் பார்த்தீர்கள்?" என்பதை, நல்ல வக்கீல் கேட்க மாட்டார். உட்கார்ந்துவிடுவார். ஏன் கேட்கவில்லை என்று வீட்டுக்குப் போய் யோசி, எந்தப் பயிற்சி வகுப்பும் இதைச் சொல்லித் தராது.

வீட்டிலிருந்தபடியே பார்க்கவும் வழி உண்டு. உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரிலிருந்து அரசியல் சாசன அமர்வு விசாரணைகளை நேரலையில் காட்டுகிறது. பெரிய வக்கீல்கள் வாதாடுவதைப் பார்க்கலாம், நல்லதுதான். ஆனால் தாலுகா கோர்ட் பின் பெஞ்சுக்கு அது ஈடாகாது. நேரலையில் வாதம் இருக்கும், அந்த மாமரத்தடிப் பெரியவர் இருக்க மாட்டார்.

அப்புறம் மொழி. இதை எழுதும்போது கொஞ்சம் கை கனக்கிறது.

நான் தமிழ் வழியில் படித்தவள். கீழ் கோர்ட்டில் சாட்சியம் தமிழில், தீர்ப்பும் தமிழில் வரலாம், அங்கே எனக்குத் தடையில்லை. பதிவு செய்து இரண்டாவது வருடம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஒரு மனுவுக்காக நின்றேன். வழக்கின் எல்லா விவரமும் எனக்கு மனப்பாடம். நீதிபதி ஆங்கிலத்தில் ஒரு சாதாரணக் கேள்வி கேட்டார், கேள்வி புரிந்தது, பதிலும் தெரிந்தது, வாக்கியம் வரவில்லை. பத்து வினாடி இருக்கும். பக்கத்தில் நின்ற வேறொரு வக்கீல் எனக்காகப் பதில் சொன்னார். என் கட்சிக்காரர் பின்னால் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மனு நல்லபடியாகத்தான் முடிந்தது, ஆனால் அந்தப் பத்து வினாடி என்னைவிட்டுப் போகவில்லை.

அரசியல் சாசனத்தின் 348-வது பிரிவின்படி உயர் நீதிமன்ற மொழி ஆங்கிலம். அதே பிரிவு வேறு மொழிக்கும் வழி வைத்திருக்கிறது, ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் உயர் நீதிமன்றங்களில் இந்தி இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று நம் சட்டமன்றம் 2006-ல் தீர்மானம் போட்டது, இன்னும் வரவில்லை. வர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது, தன் உயிர்போகும் வழக்கில் என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல் ஒருவர் கைகட்டி நிற்பது நீதியாகாது. அது வரும்வரை நீ ஆங்கிலம் கற்காமல் இருக்க முடியாது. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன், ஒன்றுக்காக மற்றொன்றை விடச் சொல்லவில்லை.

எப்படிக் கற்பது? இலக்கணப் புத்தகத்தைவிடத் தீர்ப்புகள் உதவும் என்பது என் அனுபவம். இந்தியன் கானூன் என்ற தளத்தில் தீர்ப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பெரிய தீர்ப்பிலிருந்து தொடங்காதே. கேசவானந்த பாரதி வழக்கை எடுத்தால் எழுநூறு பக்கத்துக்கு மேல், பதின்மூன்று நீதிபதிகள், மூச்சு முட்டும். நம் மாநிலத்து வழக்கு ஒன்றை எடு: 1951 ஏப்ரலில் வந்த செண்பகம் துரைராஜன் தீர்ப்பு. சில பக்கம்தான். கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பங்கிட்ட சென்னை மாகாணத்து வகுப்புவாரி ஆணையை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது, அதற்கெதிராக இங்கே பெரிய கிளர்ச்சி எழுந்தது, அதே வருடம் ஜூனில் அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் வந்து, பிற்படுத்தப்பட்டோருக்குத் தனி ஏற்பாடு செய்ய வழி தரும் 15(4) சேர்ந்தது. நீ வாங்கப் போகிற சட்டக் கல்லூரி இடம் வரைக்கும் நீளுகிற கதை அது. இவ்வளவும் பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கும். தீர்ப்பையே படித்தால்தான் ஒன்று கண்ணில் படும்: மருத்துவக் கல்லூரி இடத்துக்காக வழக்கு போட்ட செண்பகம் துரைராஜன் அந்த இடத்துக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை. நீதிபதிகளே அதைக் குறிப்பிட்டுவிட்டுத்தான் மேலே போகிறார்கள். ஏன் போனார்கள், கூடவே வந்த இன்னொரு மனு யாருடையது என்று நீயே தேடிப் படி. வாரத்துக்கு ஒரு பக்கம் போதும். ஆங்கிலத்தில் படி, பிறகு புத்தகத்தை மூடிவிட்டு உன் அம்மாவுக்குப் புரிகிற தமிழில் பத்து வரி எழுது. இரண்டு வருடம் இதைச் செய்தால் கிளாட்டும் எழுதலாம், மதுரைக் கிளையிலும் நிற்கலாம்.

சட்டப் புத்தகத்தை இப்போதே வாங்கிக் குவிக்க வேண்டாம். குறிப்பாகப் பழைய புத்தகக் கடையில் இந்தியத் தண்டனைச் சட்டம் மலிவாகக் கிடைக்கிறதே என்று மனப்பாடம் செய்ய ஆரம்பிக்காதே. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, கொலைக்கு 302 போய் 103, ஏமாற்றுக்கு 420 போய் 318. சட்டங்களின் மூலத்தை இந்தியா கோட் என்ற அரசுத் தளத்திலேயே படிக்கலாம்.

மனு எழுதப் பழகு. திங்கட்கிழமை காலை எந்த மாவட்ட ஆட்சியர் அலுவலக வாசலுக்குப் போனாலும், குறைதீர்க்கும் நாளுக்கு வந்தவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து யாரிடமோ காசு கொடுத்து மனு எழுதி வாங்கிக்கொண்டிருப்பார்கள். அந்த மனுக்களில் பலவற்றை நான் படித்திருக்கிறேன். மூன்று பக்கம் வாழ்க்கைக் கஷ்டம், கடைசி வரியில் "தக்க நடவடிக்கை எடுக்கும்படி". என்ன வேண்டும் என்பதே இருக்காது. உன் தெருவில் எரியாத விளக்குக்கு ஒரு மனு எழுது: நான் யார், எந்தத் தெரு, எத்தனை நாளாக எரியவில்லை, முன்னால் யாரிடம் எந்தத் தேதியில் சொன்னோம், இப்போது என்ன செய்ய வேண்டும். ஒரே பக்கம். நகல் வைத்துக்கொள், ஒப்புகைச் சீட்டு வாங்கு, தேதியைக் குறித்துவை. பதில் வரவில்லை என்றால் பெரியவர்கள் யாரையாவது 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கச் சொல், 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். அந்த விளக்கு எரிந்தால் அதுதான் உன் முதல் வழக்கு.

பணத்தைப் பற்றி யாரும் பிள்ளைகளிடம் உண்மை பேசுவதில்லை. ஐந்து வருடம் படித்து முடித்ததும் பதிவுக் கட்டணம். அதை, வக்கீல்களைப் பதிவு செய்யும் பல மாநில பார் கவுன்சில்கள் பல்லாயிரக் கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தன, 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சட்டத்தில் உள்ள 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று சொல்லிவிட்டது. பிறகு அகில இந்திய பார் தேர்வு. அதற்கப்புறம் ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர வேண்டும். ஜூனியருக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 கொடுக்க வேண்டும் என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி, பார் கவுன்சிலும் சுற்றறிக்கை அனுப்பியது. நான் பார்க்கிற கோர்ட்டுகளில் அந்தத் தொகையைக் கையில் வாங்கும் ஜூனியர் அபூர்வம். எனக்கு முதல் இரண்டு வருடம் பஸ் காசும் சாப்பாடும்தான் கிடைத்தது. வீட்டில் ஒரு வருமானம் இருந்ததால் தாக்குப்பிடித்தேன், என்னோடு படித்த நல்ல வக்கீல்கள் நான்கைந்து பேர் தாக்குப்பிடிக்க முடியாமல் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். படிப்பை முடித்த கையோடு நீதிபதித் தேர்வு எழுதிவிடலாம் என்ற வழியும் இப்போது இல்லை, மூன்று வருடத் தொழில் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே பிளஸ் டூவிலேயே வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டிய கணக்கு ஐந்து வருடத்துக்கு அல்ல, எட்டு வருடத்துக்கு. பயமுறுத்தச் சொல்லவில்லை. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், 7.5 விழுக்காட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்பது, இதையெல்லாம் கணக்கில் சேர்த்துக்கொண்டு, முன்னாலேயே தெரிந்து இறங்குங்கள் என்கிறேன்.

இவ்வளவையும் அந்தப் பெண்ணிடம் ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. அன்றைக்கு நான் கொடுத்தது ஒரே ஒரு வேலை, தேதிப் பட்டியல். உன் வீட்டு விஷயம் எதையாவது எடுத்துக்கொண்டு எழுதி வா என்றேன்.

நேற்று வந்தாள், தனியாக. அம்மா தையல் மெஷின் வாங்கக் குழுவில் எடுத்த கடனைப் பற்றி எழுதியிருந்தாள். கோடு போட்ட நோட்டில், இடது பக்கம் தேதி, வலது பக்கம் ஒரு வரி. கடன் வாங்கிய நாள், மெஷின் வந்த நாள், தவணை கட்டிய நாட்கள், அட்டையில் கையெழுத்துப் போட்டவர். பதினேழு வரி. நடுவில் இரண்டு மாதத்துக்கு எதிரே வெறும் கோடு மட்டும் இருந்தது.

"இங்கே என்னம்மா?"

"தெரியலக்கா. அந்த ரெண்டு மாசம் தவணை யாரோ கட்டியிருக்காங்க. யாருன்னு அம்மா சொல்ல மாட்டேங்கிறாங்க. மாமா கட்டியிருப்பார்னு நெனைக்கிறேன். எழுதலாமான்னு பார்த்தேன்."

"எழுதிட்டியா?"

"இல்லக்கா. எனக்குத் தெரியாதே."

நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். எங்கள் கோர்ட் பத்தரைக்கு ஆரம்பிக்கும், அரையாண்டுப் பரீட்சைக்கும் லீவுக்கும் நடுவில் கோர்ட் வேலை நாள் ஏதாவது வருகிறதா என்று காலண்டரைப் புரட்டி இரண்டு பேரும் பார்த்தோம். ஒரு நாள் இருந்தது. அந்தத் தேதியைப் பதினெட்டாவது வரியில், பென்சிலால், எழுதிக்கொண்டாள்.